எட்டுக் கையெழுத்தும் ஒரு வெற்றுக் கட்டமும்

திங்கட்கிழமை புது பேட்ச் வருகிறது. அதற்காகப் பயிற்சி மையத்து அலமாரியைக் காலி செய்துகொண்டிருந்தபோது உன் குழுவின் தாள் அகப்பட்டது. ஒன்பது கட்டங்கள், எட்டில் கையெழுத்து. உன் கட்டம் மட்டும் வெறுமை. வேலையைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

ராணுவத்துக்கு வண்டி செய்து தரும் தொழிற்சாலையில் இருபது வருடம் ஓட்டிய மேலாளர்களைப் பிடித்து, ஒரு தளவாடத் திட்டத்தை முதல் கோரிக்கையிலிருந்து ஒப்படைப்பு வரை எப்படி நடத்துவது என்று சொல்லிக்கொடுப்பது என் பிழைப்பு. சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கக் குடியிருப்பில் என்னோடு ஒரே லைன் வீட்டு வரிசையில் வளர்ந்த நீ, இந்தத் தாளின் வருடம் என் முன்னால் மாணவனாக வந்து உட்கார்ந்தாய். "இன்னா வாத்தியாரே, அடிப்பியா?" என்று முதல் நாளே எல்லாரையும் சிரிக்க வைத்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெங்களூர்க்காரர்கள் முன்னால் நம் பேச்சைக் கேட்கவே எனக்குக் கூச்சம். அப்படி ஒரு பெரிய மனுஷன் நான்!

கடைசிப் பயிற்சி, பாலம் போடும் ஒரு கற்பனை வண்டி. பிரேக் சோதனை முடிவு வரவில்லை, ஒப்படைக்கும் தேதியோ தலைக்கு மேல். உற்பத்திக்கு அனுமதி தரலாமா? உன் குழுவில் எட்டுப் பேர் கையெழுத்துப் போட்டார்கள். நீ பேனாவை மூடினாய். ஆழம் பார்க்க எல்லாரிடமும் சொல்வதையே உன்னிடமும் சொன்னேன்: "காகித வண்டிதானே, போடுடா."

"காயிதத்துல போட்டுப் பழகினா நெசத்துலயும் கை தானா போட்டுடும்" என்றாய். பிறகு வகுப்பைப் பார்த்து, "எங்கப்பா காலத்துல மைன்ல ஆளுங்கள ஏத்திக்கினு கேஜ் மேல வந்ததும் ஆளுக்கொரு டோக்கன வாங்கி எண்ணுவாங்க. ஒண்ணு கொறஞ்சா உள்ள ஒருத்தன் கீறான்னு அர்த்தம். எண்ணி முடிக்காம ஷிப்ட் முடிஞ்சிச்சின்னு எவனும் எழுத மாட்டான். பிரேக் ரிப்போர்ட்டும் அப்டித்தான்."

என் அப்பாவும் அதே சுரங்கத்தில் இறங்கியவர். அதை அங்கே நான் யாரிடமும் சொன்னதில்லை. "இது மைன் இல்ல சார், புராஜெக்ட்" என்றேன். வகுப்பே சிரித்தது. உன்னை நான் சார் என்று கூப்பிட்டது அந்த ஒரு முறைதான்.

சொல்ல நாக்கு கூசுகிறது. சரியான விடை உன்னுடையதுதான். விடைக்குறிப்பில் 'முடிவு வரும்வரை நிறுத்துக' என்று நானே எழுதி வைத்திருந்தேன். எட்டுப் பேரைத் தவறு என்று சொல்லி உனக்கு மட்டும் முழு மார்க் போட்டால், ஊர்க்காரனுக்குச் சலுகை காட்டுகிறான் என்பார்களே என்று பயந்தேன். எட்டுப் பேருக்கும் பாஸ் போட்டுவிட்டு, உன் பெயருக்கு எதிரே 'குழுவோடு ஒத்துப்போக மாட்டார்' என்று எழுதினேன். திட்டத் தலைவர் பதவிக்கு உன் பெயர்தான் பேச்சில் இருந்தது. அந்த ஒரு வரிக்குப் பிறகு இல்லை.

"இன்னாடா ஆச்சு?" என்று கேட்டு வந்தாய். "மேலிடத்து முடிவுடா, நான் எவ்ளோவோ சொல்லிப் பாத்தேன்" என்றேன். பொய். நீ என் தோளில் கை வைத்து, "வுடு, நீ இன்னா பண்ணுவே" என்றாய். பதவி போனது உனக்கு, ஆறுதல் கிடைத்தது எனக்கு.

அதன்பிறகு சோதனைப் பிரிவிலேயே இருந்தாய். ஒவ்வொரு தீபாவளிக்கும் இந்த வருடம் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். நீ சிரித்துக்கொண்டே வருவாய், நான் தள்ளிப்போடுவேன். போன வருடம் உன் மாரடைப்பு முந்திக்கொண்டது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து உன் வீட்டுக்குப் போனேன், உன் மனைவியிடமாவது சொல்லிவிட. புத்தர் படத்துக்குக் கீழே உன் படம். டீ கொடுத்துவிட்டு அவள் சொன்னாள்: "யாரோ அவருக்கு வேட்டு வெச்சிட்டாங்கண்ணா. ஆனா 'எனக்காக ஒருத்தன் மேலிடத்துல போய் சண்ட போட்டான்'னு உங்கள பத்திச் சொல்லிக்கினே இருப்பாரு. சாவுற வரிக்கும் அதான் அவருக்குப் பெரும."

நான் மறுக்கவில்லை. டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன். நீ செய்யாத தப்புக்கு நான் எழுதிய வரியைக்கூடச் சுமந்துவிடலாம் போலிருக்கிறது. நான் செய்யாத உதவிக்கு நீ வைத்துவிட்டுப் போன நன்றியைத்தான் சுமக்க முடியவில்லை.