வெய்க்கோவிடம் கேட்காமல் விட்ட கேள்வி

மினசோட்டா, ஏரிக்கரை வீடு
மார்ச் 9

அன்பு ஆஸ்ட்ரிட்டுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம், என் இடது முழங்கால் மட்டும் குளிரைக் குறை சொல்லிக்கொண்டிருக்கிறது. ஹோபார்ட்டில் நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஏரியில் பனிக்கட்டி உடையத் தொடங்கிவிட்டது, இன்னும் பத்து நாளில் முதல் கப்பல் வந்துவிடும்.

அம்மா ஏன் போனில் சுரத்தில்லாமல் பேசுகிறாள் என்று கேட்டிருந்தாய். அவளுக்கு அறுபத்தைந்து முடிந்துவிட்டது, இனி விருப்பப்பட்டால் முழுச் சம்பளத்தோடு விலகலாம். ஜனாதிபதிக்குக் கடிதம்கூடத் தட்டெழுதி வைத்துவிட்டாள், தேதி மட்டும் போடவில்லை. அவள் கூட்டாட்சி நீதிபதியானபோது உனக்கு ஒன்பது வயது, ஆயுள் முழுக்கப் பதவி என்றதும் "சாகற வரைக்கும் வேலைக்குப் போகணுமா?" என்று அழுதாய். அந்த வாரமே என் பத்திரிகை ஆசிரியர் என்னை நீதிமன்றச் செய்தியிலிருந்து எடுத்துத் துறைமுகத்துக்கு மாற்றினார். அன்றிலிருந்து வீட்டில் வழக்கைப் பற்றி ஒரு சொல் கிடையாது, இருபத்திரண்டு வருஷமாக.

போன செவ்வாய்க்கிழமை அவளைக் கண் மருத்துவரிடம் அழைத்துப்போக வேண்டியிருந்ததால் சீக்கிரமே அவள் நீதிமன்றத்துக்குப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். வெய்க்கோ லாம்பி என்ற தபால்காரருக்குத் தண்டனை சொல்லும் நாள். மனைவி இறந்த பிறகு அவர் ஏழு மாதத் தபால்களைக் கொடுக்காமல் தன் கொட்டகையிலேயே மூட்டை மூட்டையாக வைத்திருந்தார், ஒன்றைக்கூடப் பிரிக்கவில்லை. அம்மா எட்டு மாதச் சிறை என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். தண்டனைக்கு முன்னால் குற்றவாளியையே பார்த்து, நீங்கள் ஏதாவது சொல்ல வேண்டுமா என்று நீதிபதி கேட்டாக வேண்டும், அது சட்டம். அவள் கேட்கவில்லை. பதினோரு வருஷம் ஏழைகளுக்கு வக்கீலாக நின்று, அந்தக் கேள்விக்காக அவர்கள் பக்கத்தில் காத்திருந்தவள் அவள். இரண்டு தரப்பு வக்கீல்களும் கவனிக்கவில்லை. எனக்கு மட்டும் தெரியும், நானோ சொல்லக் கூடாது, நீதிபதியின் காதில் புருஷன் ஓதினான் என்றால் அதைவிடப் பெரிய தப்பு எது?

காரில் வானிலை பேசினேன். வீட்டில் சூப் வைத்தேன். சாப்பிடும்போது அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "நான் அவர்கிட்ட கேக்கவே இல்ல" என்றாள். நான் பாத்திரம் கழுவப் போய்விட்டேன். பின்னாலேயே வந்து, "வயசாயிடுச்சு லெய்ஃப், அந்தக் கடுதாசில தேதி போட்டுட வேண்டியதுதான்" என்றாள். நான் சூப் பாத்திரத்தை இன்னொரு முறை தேய்த்தேன்.

வெள்ளிக்கிழமை எல்லாரையும் திரும்ப வரச்சொன்னாள். தவறைத் திருத்தப் பதினான்கு நாள் அவகாசம் உண்டு. நிறைந்த மன்றத்தில், "மிஸ்டர் லாம்பி, செவ்வாய்க்கிழமை நான் உங்களைப் பேச விடல. தப்பு என்னோடது. அந்தத் தண்டனைய ரத்து பண்ணிட்டேன், இப்ப சொல்லுங்க" என்றாள். அவர் சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்தார். "அன்னிக்கே எழுதிக் கொண்டாந்தேன் ஜட்ஜம்மா. யாரும் கேக்கல, சரி நாம இதுக்கும் லாயக்கில்லனு நெனச்சுட்டேன்" என்று சொல்லிவிட்டுப் படித்தார். வீட்டுக்கு வீடு கதவைத் திறந்து அவர் மனைவி எப்படியிருக்கிறாள் என்று கேட்டார்களாம். இருநூறு வீட்டில் இருநூறு தடவை, செத்துட்டா என்று சொல்ல முடியவில்லையாம். அவர் வக்கீலுக்கே அது புதுச் செய்தி. அம்மா வெகு நேரம் எதையோ எழுதிக்கொண்டிருந்தாள். எட்டு மாதம் மூன்று மாதமானது. தபாலுக்காகக் காத்திருந்தவர்களும் இருக்கிறார்களே, அதனால் மூன்று.

திரும்பும் வழியில், "உனக்கு முன்னாடியே தெரியும்ல?" என்றாள். எப்படிக் கண்டுபிடித்தாய் என்றேன். "சூப்புல ரெண்டு தடவ உப்பு போட்டியே, கடங்காரா!" என்று சிரித்தாள். பிறகு, "விலகட்டுமா வேணாமா, நீ ஒண்ணும் சொல்லலையே" என்றாள். நீ கேட்கவில்லையே என்றேன். "இப்ப கேக்குறேன்." என் பதிலும் செவ்வாய்க்கிழமையிலிருந்து சட்டைப்பையில்தான் இருந்தது. மறந்தவள் அல்ல, திரும்பக் கூப்பிட்டவள்தான் இந்த ஊருக்குத் தேவை, இன்னும் கொஞ்ச நாள் உட்காரு என்றேன். கடிதம் இன்னும் மேசை இழுப்பறையில்தான் இருக்கிறது, தேதி இல்லாமல்.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் வாழ எங்கள் ஆசிகள். ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் கூப்பிடு, சூப் பற்றி நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே. இந்தக் கடிதம் கிடைத்த தேதியையும் எழுது, எங்கள் தெருத் தபால்காரர் எப்படி என்று பார்க்க வேண்டும்.

உன் அன்பு அப்பா,
லெய்ஃப்