அக்காவின் தாடையும் திவ்யா விட்டுப்போன எபிலேட்டரும்

ஜூன் 12, வியாழன்

காலையிலிருந்து மழை. கொடியில் போட்ட துணி எதுவும் உலரவில்லை. வீடெல்லாம் ஈர வாசனை.

குளியலறை அலமாரியை ஒழிக்கும்போது திவ்யா விட்டுப்போன இயந்திரம் அகப்பட்டது. திவ்யா அண்ணா பெண், பெங்களூரில் வேலை, போன வாரம் வந்து போனாள். பார்க்க ஷேவிங் மெஷின் மாதிரி. அதைக் கையில் எடுத்ததும், வேலையில் இருந்தபோது ஏழாம் வகுப்பில் ஒரு மலையாளத்துப் பையன் எழுந்து கேட்ட கேள்வி ஞாபகம் வந்தது. "டீச்சருக்கு மீசை உண்டு. எங்க அம்மைக்கு இல்ல. அதெந்தா?"

நான் அறிவியல் டீச்சர். உதாரணம் இல்லாமல் பதில் சொன்னதில்லை. வெண்டைக்காயைத் தடவிப் பார்த்திருக்கிறாயா, மேலே பூனைமுடி உண்டு, வெண்டைக்காய் ஆணா பெண்ணா என்று கேட்டேன். நன்றாக யோசித்துவிட்டுச் சொன்னான்: "சாம்பார்."

எல்லோரும் சிரித்தோம். மீசை விஷயம் அன்றோடு முடிந்தது. என் மேலுதட்டில் அது இன்றும் இருக்கிறது. யாருக்கும் ஒரு இடைஞ்சலும் இல்லை.

திவ்யாவுக்கு போன். "அது எபிலேட்டர் அத்தை. நீங்களே வெச்சுக்கோங்கோ. நான் லேசருக்கு மாறியாச்சு."

"என்ன பண்ணும் இது?"

"முடியை வேரோட பிடுங்கும்."

"காசு குடுத்தா?"

போனை வைத்துவிட்டாள்.

சாயங்காலம் சீட்டு. வியாழக்கிழமை என்றால் இருபத்தெட்டு, நாலு பேர் இரண்டு கட்சியாக ஆடும் ஆட்டம். வைப்பின் தீவிலிருந்து போட் ஏறி ஜோசப் சேட்டன் வருவார், பக்கத்து வீட்டு லீலா வருவாள். அவர்கள் இருவர் ஒரு கட்சி, நானும் அக்காவும் ஒரு கட்சி. அக்கா வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டில் பிளாஸ்டர் போட்டதிலிருந்து மேசைக்கு வருவதில்லை. இன்றும் உள்ளேயிருந்தே குரல். "கை இல்லாம சீட்டை எப்படிப் பிடிக்கறது. நீங்க ஆடுங்கோ."

மூன்று பேர் என்ன ஆடுவது. சாயா குடித்துக் கலைந்தோம். ஜோசப் சேட்டன் படியிறங்கும்போது: "சேச்சி இல்லாத்த மேசையில எந்து ஆட்டம், டீச்சரே. குணுக்கு போட ஒரு காது குறையுது."

குணுக்கு என்பது இந்த ஊர்ச் சீட்டு மேசையின் தண்டனை. தோற்றவர் காதில் தொங்கவிட வேண்டும். எங்கள் வீட்டில் அது துணிக்கிளிப்பில் கோத்த பலாயிலை. ஜெயித்தவர்தான் தன் கையால் மாட்டிவிடுவார். அக்கா மாட்டிக்கொண்டது குறைவு, மாட்டிவிட்டதுதான் அதிகம்.

ஜூன் 13, வெள்ளி

மழை. பால்காரர் தாமதம்.

எபிலேட்டர் பெட்டியில் ஒரு துண்டுப்பிரசுரம். "இதமான மசாஜ் அனுபவம்." படத்தில் ஒரு பெண், முடியே இல்லாத காலில் இயந்திரத்தை ஓட்டிச் சிரிக்கிறாள். முடி இருந்தால் சிரிப்பாளா.

சோதனை செய்யாமல் எதையும் பழிப்பது தவறு என்று பிள்ளைகளுக்குச் சொன்னவள். ஹாலில் உட்கார்ந்து, கணுக்காலுக்கு மேலே தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டேன். எந்தக் காரியத்துக்கும் முதலில் எண்ணெய், அதுதானே வழக்கம். பிறகு ஓட்டினேன். அரவை மில் சத்தம். வழுக்கிக்கொண்டே போகிறது. ஒரு முடி வரவில்லை.

கட்டிலில் உட்கார்ந்து அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள். "தேங்காய் துருவற மெஷின் வாங்கியிருந்தா துருவலாவது கிடைச்சிருக்கும்," என்றேன்.

சிரிக்கவில்லை. நான் சொல்லும் மோசமான ஜோக்குக்கும் சிரிக்கிறவள். முகத்தில் பாதியைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டிருந்தாள். சளி பிடித்திருக்கிறதோ. ராத்திரி சுக்குக் காப்பி போட வேண்டும்.

ஜூன் 15, ஞாயிறு

வாங்க வேண்டியது: உளுந்து, பல்பு, பிளாஸ்டர் நனையாமல் கட்ட பிளாஸ்டிக் பை.

அக்கா மத்தியானம் தூங்கும்போது மறு சோதனை. எண்ணெய் இருந்தால் சின்னச் சின்ன இடுக்கிகள் எப்படிப் பிடிக்கும்? மீன்காரி கையில் சாம்பலைத் தொட்டுக்கொண்டுதானே வழுக்கும் மீனைப் பிடிக்கிறாள். காலைத் துடைத்துவிட்டு ஓட்டினேன். பிடுங்கியது. செவ்வெறும்புப் புற்றில் காலை வைத்துவிட்டு நகராமல் நிற்பது போல. காலில் ஒரு பட்டை மட்டும் மொழுமொழு. மீதியை அப்படியே விட்டுவிட்டேன்.

லீலா எலுமிச்சங்காய் கொண்டுவந்தாள். காலைக் காட்டினேன். "வயசான காலத்துல இதைப் போட்டுக்கறவளுக்கு முதல்ல மூளைலதான் ஓட்டணும்," என்றேன். லீலா சிரித்த சிரிப்பில் அக்கா எழுந்துவிட்டாள். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அவளுக்காக ஒரு சீட்டுத் தாங்கி செய்தேன். இரண்டு ஸ்கேல், நடுவே ரப்பர் பேண்டு, சீட்டு நிமிர்ந்து நிற்கும். கொண்டுபோய் வைத்தேன். "நன்னாருக்கு," என்று ஜன்னலோரம் நகர்த்தி வைத்தாள். வியாழக்கிழமை வருகிறாயா என்றேன். தலைப்பை இன்னும் இழுத்து மூடிக்கொண்டாள்.

அப்படியானால் கை காரணமில்லை.

ஜூன் 16, திங்கள்

எர்ணாகுளம் போனேன், வங்கி வேலை. அங்கே பிராட்வே கடைத்தெருவில் குடைக்குக் கம்பி மாற்றினேன். பஸ்ஸில் இரண்டு பெண்கள். "கல்யாணத்துக்கு முன்பு ஃபுல் பாடி செய்யணும்னு பார்லர்காரி சொன்னா." எதை என்று நான் கேட்கவில்லை. ஊரே உரித்த கோழியாக நடக்க ஆசைப்படுகிறது.

வீட்டுக்கு வந்தால் அக்கா கட்டிலில் இல்லை. குளியலறைக் கதவு உள்ளே தாழ். அரவை மில் சத்தம்.

"அக்கா."

சத்தம் நின்றது. பிறகு தாழ் திறக்கும் ஓசை.

இடது கையில் எபிலேட்டர். தாடை முழுக்க எண்ணெய் மினுமினுப்பு. ஒரு பக்கம் உரசிச் சிவந்து கிடந்தது. தாடைக்குக் கீழே முடி, வெள்ளை, தடிப்பு, கயிற்றில் பிரிந்த தேங்காய்நார் போல. இத்தனை காலம் ஒரே வீட்டில் இருக்கிறோம். நான் பார்த்ததே இல்லை.

"நீ எண்ணெய் தேச்சுண்டுதானே ஓட்டினாய்," என்றாள்.

எண்ணெய் கூடாது என்று நான் கண்டபோது இவள் தூங்கிக்கொண்டிருந்தாள். பலகையில் தப்பாகப் போட்ட கணக்கைத் துடைத்துத் திருத்தியது போலத்தான். பின்பெஞ்சு அதற்குள் தப்பை எழுதிக்கொண்டு போய்விட்டது.

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ப்ளக்கர் என்கிற சின்ன இடுக்கியால் தானே பிடுங்கி வந்திருக்கிறாள், தாழ் போட்டுக்கொண்டு, வலது கையால். இடது கைக்கு ப்ளக்கர் பழகவில்லை.

"என்னண்ட சொல்லப்படாதா?"

"உன்னண்டயா? லீலாட்ட என்ன பறஞ்சாய்? மூளைல ஓட்டணும்னு. எனக்கு அது மூளைலயா முளைச்சிருக்கு? தாடைலன்னா முளைச்சிருக்கு."

"சீட்டுக்கு வராததும் இதனாலதானா?"

"தோத்தா அந்த ஜோசப் குணுக்கு மாட்டுவன். கண்ணாடியும் போட்டுண்டு, மூஞ்சிகிட்ட வந்து."

"நீ எங்க தோக்கறாய்?"

"இடது கையால ஆடினா தோப்பேன்." பிறகு மெதுவாக: "வியாழக்கிழமைன்னா எனக்கு இருக்க முடியலடி. கதவுக்குப் பின்னால உக்காந்து கேட்டுண்டிருக்கேன்."

தாடையை வெந்நீரில் துடைத்துவிட்டேன்.

ஜூன் 17, செவ்வாய்

சிவப்பு தணியட்டும். இன்று ஓட்டுவதில்லை.

துண்டுப்பிரசுரத்தின் பொடி எழுத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். மசாஜ் என்பது கொட்டை எழுத்தில், புண், சர்க்கரை வியாதி, ரத்தம் நீர்க்கும் மாத்திரை என்பதெல்லாம் எறும்பு எழுத்தில். வெட்கங்கெட்டவர்கள். அக்காவுக்குச் சர்க்கரை இல்லை, அந்த மாத்திரையும் இல்லை. இடது தாடையில் ஒரு மச்சம். அதன்மேல் ஓட்டக் கூடாது, கத்தரிதான். முகத்துக்கென்று தனியாகச் சின்ன மூடி இருக்கிறது. திவ்யா உபயோகித்த இடுக்கித் தலையை ஸ்பிரிட்டால் துடைத்தேன்.

குழம்பு தீய்ந்துவிட்டது.

ஜூன் 18, புதன்

ஓட்டியாயிற்று.

முதலில் வெந்நீர்த் துண்டு. பிறகு ஈரமோ எண்ணெயோ இல்லாமல் துடைப்பு. ஜன்னலோரம் வெளிச்சத்தில் நாற்காலி. என் இடது கையால் அவள் தோலை இழுத்துப் பிடித்து, இயந்திரத்தை நேராக நிறுத்தி, முடி போகும் திசைக்கு எதிராக, மெதுவாக. வேகமாக ஓட்டினால் முடி பாதியில் முறியும்.

"ஈஸ்வரா," என்றாள். கொஞ்சம் பொறுத்து, "பிள்ளை பெறறது இதைவிட வலிக்குமோ?"

"நம்ம ரெண்டு பேருக்குமே அறியாது."

சிரிப்பில் தாடை ஆடியது. சிரிக்காதே என்று அதட்ட வேண்டியிருந்தது.

பாதியில் சார்ஜ் தீர்ந்தது. ஒயரைச் சொருகினால் கரண்ட் இல்லை. ஒரு பக்கம் வழவழ, ஒரு பக்கம் தேங்காய்நார். "இப்படியே விட்டா ஜோசப் எந்தப் பக்கம் உக்காரறான்னு பார்த்து உக்காரணும்," என்றாள். மத்தியானம் கரண்ட் வந்த பிறகு மறுபாதி.

குக்கரை அணைக்கப் போனேன். திரும்பி வருவதற்குள் மஞ்சள்பொடியைக் குழைத்து அப்பிக்கொண்டிருந்தாள். முடி பிடுங்கிய துவாரம் ஒவ்வொன்றிலும் மஞ்சள் இறங்கிவிட்டது. கழுவினாலும் போகவில்லை. தாடை நிறைய மஞ்சள் புள்ளி. நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். அவள் கண்ணாடியில் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினாள்.

"மஞ்சள்தானே. மஞ்சளுக்கு யாரு நாணப்படறா."

நல்ல உலகம். முடி முளைத்தால் மானம் போகிறது. மஞ்சள் நிறத்தில் அம்மை போட்டவள் மாதிரி இருந்தால் போவதில்லை.

ஜூன் 19, வியாழன்

மழை விட்டது. வெயில் கூட.

அக்கா நீலப் புடவை கட்டிக்கொண்டு, கூப்பிடும் முன்பே மேசைக்கு வந்து உட்கார்ந்தாள். சீட்டுத் தாங்கியைத் தானே எடுத்து வந்தாள். தலைப்பு தோளில், முகத்தில் இல்லை.

ஜோசப் சேட்டன் செருப்பைக் கழற்றும்போதே பார்த்துவிட்டார். "எந்தா சேச்சி, தாடையில மாம்பூவோ?"

"முதல்ல கண்ணாடியைத் துடை ஜோசப்பே. கடைசியா ஆடினப்போ துருப்புச் சீட்டையே பார்க்காத ஆளாக்கும்."

ஆட்டம் சுகமில்லை. இடது கையால் ஒரு சீட்டு எடுக்கப்போய் இரண்டு விழுந்தது. கையில் குலான் என்ற பெரிய சீட்டு இருந்தும் இறக்க வேண்டிய நேரத்தில் இறக்கவில்லை. தோற்றோம். கூட்டாளி என்பதால் எனக்கும் குணுக்கு. லீலா மாட்டும்போது என் மீசையைக் கிட்டத்தில் பார்த்தாள். பார்த்துக்கொள்ளட்டும்.

ஜோசப் சேட்டன் பலாயிலையோடு அக்காவிடம் குனிந்தார். அந்த மனிதர் எதையும் அவசரமாகச் செய்வதில்லை. கிளிப்பைத் திறந்து, மூடி, காதைத் தேடி. அக்கா தாடையை நன்றாகத் தூக்கி, வெளிச்சத்துக்குத் திருப்பிக் கொடுத்தாள்.

"வேகம் மாட்டு. அடுத்த ஆட்டத்துல உனக்கு ரெண்டு காதுலயும்."

மறுபடி சீட்டைக் கலைத்துப் போட்டார்கள்.

இயந்திரத்தைப் பற்றிய என் அபிப்பிராயம் மாறவில்லை. கொள்ளைக்காரச் சாமான். அலமாரியில் சார்ஜ் ஏற்றி வைத்திருக்கிறேன். எனக்கு நானே எழுதிவைக்கிறேன்: இதை வைத்து இனிமேல் யாரைக் கேலி செய்ய வாய் வந்தாலும் முதலில் எண்ணெயைத் துடை, தோலை இழுத்துப் பிடி, உன் தாடையில் ஒரு தடவை ஓட்டிப் பார்.