பதினொரு கப்பல்கள்

இன்று காலை பக்கத்து வீட்டில் கோதுமைமாப் பசை அடிப்பிடித்துவிட்டது. வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையில் வீடுகள் சுவரோடு சுவராக நிற்பதால், ஒரு வீட்டுச் சட்டி கருகினால் நாலு வீட்டுக்குத் தெரியும். எட்டிப் பார்த்தேன். மூன்றாம் வகுப்புப் படிக்கும் அந்த வீட்டுப் பிள்ளைக்குப் பாடசாலையில் சித்திர வேலை கொடுத்திருக்கிறார்கள். தாய் பசை காய்ச்சுகிறாள். தகப்பன் விறாந்தையில் குந்தியிருந்து அடிமட்டம் வைத்துக் கீறுகிறார். பிள்ளை தூணில் சாய்ந்து, கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள்.

“பிள்ளை கீறட்டுமன், தம்பி” என்றேன்.

“அவள் கீறினா கோணல்மாணலாப் போயிடும் ஐயா. பிறகு மாக்ஸைக் குறைச்சுப் போடுவினம்” என்றார் அவர், தலையை நிமிர்த்தாமல்.

கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். அந்த எரிச்சலோடுதான் இதை உமக்கு எழுதுகிறேன். நீர் கண்ணை மூடி ஒரு வருடம் ஆகிறது. கருகிய பசை மணத்தால் உம்முடைய வகுப்பு என் முன்னே வந்து நிற்கிறது. இனி அதை எழுதாமல் வேறு வேலை ஓடாது.

இரண்டாம் உலக யுத்தத்தின் இரண்டாம் வருடம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த நாம் இருவரும் இதே வெள்ளவத்தையில், ரயில் பாதைக்கு அருகே, ஓர் அறையை வாடகைக்கு எடுத்திருந்தோம். நான் பத்திரிகை நிருபர். நீர் துறைமுகத்துக்குப் பக்கத்தில், கொட்டாஞ்சேனையில் ஓர் ஆரம்பப் பாடசாலையில் ஆசிரியர். சிறு வகுப்புகளுக்குச் சித்திரம் உம்முடைய பொறுப்பு. காலை ரயிலில் கொழும்புக் கோட்டை வரை, ஒருவரை ஒருவர் ‘ஐசே’ என்று கூப்பிட்டுக் கதைத்தபடி, சேர்ந்து போவோம். அங்கிருந்து நான் அலுவலகத்துக்குத் திரும்புவேன். நீர் கொட்டாஞ்சேனைக்கு நடப்பீர், கக்கத்தில் ஒரு காகிதச் சுருளோடு.

அந்தச் சுருளைத் தந்தது நான்தான். அச்சுக்கூடத்தில் பெரிய காகித உருளை தீரும்போது, தண்டோடு ஒட்டிக் கடைசிச் சில சுற்றுகள் மிஞ்சும். இயந்திரத்துக்கு உதவாது. யுத்தத்தால் கடைகளில் சித்திரக் கொப்பி கிடைக்காத அந்த நாளில் உமது பிள்ளைகளுக்கு அது உதவியது. துண்டுகளைப் பசையால் ஒட்டி, பாய் அகலத்துக்கு விரித்துக் கொடுப்பீர். பசை காய்ச்சியதும் நம் அறையில்தான். நான்கு தடவைக்கு மூன்று தடவை கருக்கினீர்.

ஒரு வெள்ளிக்கிழமை வகுப்பைப் பார்க்க வந்தேன். பிள்ளைகள் இருக்கும் வாங்குகளைச் சுவரோரம் ஒதுக்கியிருந்தீர். பிள்ளைகள் நிலத்தில் கிடந்தார்கள். அடுப்புக்கரி, செங்கட்டித் துண்டு, மஞ்சள், சிரட்டையில் கரைத்த சலவை நீலம், தென்னந்தும்பை நூலால் கட்டிய தூரிகை. முழங்கை வரை நீலமான ஒரு பொடியன் உம்மிடம் வந்து கேட்டான்.

“சேர், மாட்டுக்கு எத்தினை கால் கீற?”

“நீ நிண்ட இடத்தில எத்தினை தெரிஞ்சுது?”

“மூண்டு.”

“அப்ப மூண்டைக் கீறு.”

“வீட்டில சிரிப்பினம் சேர்.”

“சிரிக்கிற ஆக்களை என்னட்டக் கூட்டிக்கொண்டு வா.”

நான் குறிப்புப் புத்தகத்தை எடுத்தேன். மூன்று கால் மாடு எனக்குப் பிடித்துவிட்டது. நிருபன் அல்லவா? கண்டதைச் சொல், கேள்விப்பட்டதைச் சொல்லாதே என்று எனக்குச் சொல்லித்தந்த தொழிலை, எட்டு வயதுப் பிள்ளைகளுக்குக் கரித்துண்டால் நீர் பழக்குகிறீர் என்று நினைத்தேன்.

யன்னலுக்குக் கீழே பிலோமினா என்ற பிள்ளை வயிற்றில் படுத்து, நாக்கை நீட்டிக்கொண்டு கப்பல் கீறிக்கொண்டிருந்தாள். எல்லாம் புகைபோக்கி வைத்த கப்பல்கள். பின்னால் நின்று எண்ணினேன். பதினொன்று. குறித்துக்கொண்டேன். அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. அலுவலகத்துக்கு நேரமாகிவிட்டது.

திங்கட்கிழமை உள்பக்கத்தில் என் குறிப்பு வந்தது. அதில் ஒரு வசனம்: “துறைமுகத்தில் தான் கண்ட பதினொரு கப்பல்களையும் ஒன்று விடாமல் கண்டபடியே தீட்டியிருந்தாள் ஒரு சிறுமி.” நீர் ரயிலில் அதை வாசித்தீர். “கண்டவளோ?” என்று மட்டும் கேட்டீர். “பின்னை?” என்றேன். பத்திரிகையை மடித்து என்னிடம் தந்தீர்.

துறைமுகத்தில் என்ன நிற்கிறது என்று அப்போது எந்தப் பத்திரிகையும் எழுதக்கூடாது. குழந்தைப் படம்தானே என்று எங்கள் அலுவலகத்தில் ஒருவரும் யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை. அந்த வாரம் உண்மையில் எத்தனை கப்பல் நின்றன என்று எனக்கு இன்றுவரை தெரியாது. புதன்கிழமை தணிக்கை அதிகாரி ஒருவர் பத்திரிகைத் துண்டோடு உமது பாடசாலைக்கு வந்தார்.

நடந்ததை அன்று மாலை, சட்டையைக்கூடக் கழற்றாமல், கட்டிலில் இருந்து சொன்னீர். அதிகாரி இங்கிலீசில் கேட்க, தலைமையாசிரியர் தமிழில் பிள்ளையிடம் கேட்டிருக்கிறார்.

“பிள்ளை, எத்தினை கப்பல் கண்டனி?”

“பதினொண்டு.”

“எப்ப கண்டனி?”

“கீறிற நேரத்தில.”

தலைமையாசிரியருக்கு வியர்த்துவிட்டது. பிள்ளைக்கு ஞாபகம் இல்லையாம் என்று இங்கிலீசில் சொல்லிவிட்டார். நீர் குறுக்கே போய், இந்தப் பிள்ளையின் வீட்டிலிருந்து பார்த்தால் ஒரு பண்டசாலைக் கிட்டங்கிச் சுவர்தான் தெரியும், காகிதம் முடியும்வரை கப்பல் வைத்துக்கொண்டே போனாள், வேறொன்றும் இல்லை என்று விளக்கியிருக்கிறீர். அதிகாரி பத்திரிகைத் துண்டைத் தட்டிக் காட்டினாராம். மனதில் தோன்றியதைக் கீறினாள் என்றால் விஷயம் அத்தோடு முடிந்தது. கண்டு எண்ணிக் கீறினாள் என்றால், துறைமுகத்தைக் கணக்கெடுக்கப் பிள்ளைகளைப் பழக்குகிற ஆசிரியரைச் சித்திர வகுப்பில் விட்டுவைக்க முடியாது. எது சரி என்று எழுதியவரிடமே கேட்கிறேன் என்று போய்விட்டாராம்.

“ஐசே, நாளைக்கு உம்மட்ட வருவார்” என்றீர். “பிள்ளையிட்டக் கேக்கேல்லை எண்டு சொல்லும். அது போதும்.”

“அப்ப நான் பொய் எழுதினனான் எண்டோ?”

“பொய் எண்டு ஆர் சொன்னது? கேக்காமல் எழுதிப்போட்டன் எண்டு சொல்லும்.”

“பத்திரிகைக்காரனுக்கு ரெண்டும் ஒண்டுதான்.”

“எனக்கு ஒண்டில்லை, ஐசே. எனக்கு முப்பத்தாறு பிள்ளையள்.”

சரி என்றேன். உம் முன்னால் ஒப்புக்கொண்டதை மறுக்கப்போவதில்லை.

மறுநாள் அதிகாரி வந்தபோது எங்கள் செய்தி ஆசிரியர் கதிரையை எனக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். நான் வாய் திறக்க முன்னமே அவர் தொடங்கிவிட்டார்: “ஆறு வருசம். இவரின்ர செய்தி ஒண்டுக்காவது நாங்கள் திருத்தம் போட்டதில்லை.” சுற்றியிருந்த மேசைகளில் எல்லோரும் எழுதுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அதிகாரி மரியாதையாகத்தான் கேட்டார். அந்தப் பிள்ளை கண்டதைத்தான் கீறினாள் என்பது நிச்சயமா?

“நான் எழுதினது சரி” என்றேன்.

அவ்வளவுதான். அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு போனார். செய்தி ஆசிரியர் என் முதுகில் தட்டினார்.

வெள்ளிக்கிழமை உமது வகுப்பின் படங்கள் முழுவதையும் சுருட்டிக் கட்டிக்கொண்டு போனார்கள். எது ஆபத்து, எது இல்லை என்று பிரிக்க அவர்களுக்குப் பொறுமையில்லை. மூன்று கால் மாடும் போனது. தலைமையாசிரியர் உம்மைக் கூப்பிட்டு, “மாஸ்டர், நீர் இனி நாலாம் வகுப்புக்குக் கணக்கு எடும். சித்திரத்தை நான் பாக்கிறன். சட்டியைக் கீறட்டும். சட்டியால ஒருத்தருக்கும் கரைச்சல் இல்லை” என்றாராம்.

அன்று மாலை வந்ததும் ஒன்றே ஒன்று கேட்டீர். “என்ன சொன்னனீர்?” சொன்னேன். நீர் கிணற்றடிக்குப் போய்க் கால் கழுவினீர். சாப்பிட இருந்தீர். “இண்டைக்குச் சொதி நல்லாயிருக்கு” என்றீர்.

இதுதான் ஐசே, இத்தனை வருடமாக எனக்குப் பொறுக்காதது. ஒரு கோப்பையைத் தூக்கி எறிந்திருக்கலாம். வேறு அறை பார்த்துப் போயிருக்கலாம். “துரோகி” என்று ஏசியிருந்தால் நானும் திருப்பி ஏசியிருப்பேன். யுத்தம், சட்டம், என் வேலை என்று நியாயம் அடுக்கியிருப்பேன். ஒரு கிழமை முகம் பார்க்காமல் இருந்து, பிறகு எல்லாம் சரியாகியிருக்கும். நீர் எனக்கு அந்த வழியை விடவே இல்லை. அடுத்த திங்களும் அதே ரயிலில் என் பக்கத்தில் இருந்தீர். கக்கத்தில் மட்டும் ஒன்றும் இல்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு கொப்பியைக் கொண்டுவந்து காட்டினீர். பிலோமினாவின் சட்டி. கரும்பலகையில் தொங்கிய மாதிரிப் படத்தின் அச்சு. விளிம்பில் நடுக்கம் இல்லை, நிழல்கூட அதே பக்கம். கீழே சிவப்பு மையில் பத்துக்குப் பத்து.

“எவ்வளவு வடிவாய்க் கீறியிருக்கிறாள், பாரும்” என்றீர். கொப்பியை வாங்கி மூடினீர்.

யுத்தம் முடிந்ததும் உமக்குச் சொல்லாமல் அந்தப் படங்களைக் கேட்டு அந்த அதிகாரியின் அலுவலகத்துக்குப் போனேன். முன்மேசையில் இருந்த எழுதுவினைஞர், “ஆரின்ர படம்? உங்கட பிள்ளையள் கீறினதோ?” என்றார். இல்லை என்றேன். “அப்ப உங்களுக்கு ஏன்?” என்றார். மூன்று தடவை போனேன். மூன்றாம் தடவை, பழைய காகிதங்களோடு கழித்துவிட்டோம் என்றார்கள்.

நாம் இருவரும் அவரவர் கல்யாணத்தை முடித்து, பக்கத்துப் பக்கத்து ஒழுங்கைகளில் குடியிருந்தும் அந்தப் பேச்சு வரவில்லை. நான் ஒரே ஒரு முறை தொடங்கினேன். “ஐசே, அந்தக் கப்பல் விஷயம்…” என்றேன். “எந்தக் கப்பல்?” என்றீர். ஓய்வுபெறும்வரை கணக்குப் படிப்பித்த மனிதருக்குப் பதினொன்று மறந்துபோனதாம்!

நீர் இறந்த அன்று பத்திரிகையில் வேலைசெய்யும் இளம் பிள்ளைகள் என்னிடம்தான் கேட்டார்கள், நாலு வரி எழுதித் தாருங்கள் என்று. எழுதிக் கொடுத்தேன். “கொட்டாஞ்சேனையில் நெடுங்காலம் கணித ஆசிரியராகப் பணியாற்றியவர்.” அதில் பிழை பிடிக்க ஒருவராலும் முடியாது. சரியாகவே எழுதி, உம்மை இரண்டாம் தடவையும் அந்த வகுப்பிலிருந்து வெளியே அனுப்பியிருந்தேன்.

என் செய்திக்குத் திருத்தம் போட்டதில்லை என்ற பெயர் கடைசிவரை நிலைத்தது. பிரிவுபசாரத்தில்கூட அதைச் சொல்லித்தான் மாலை போட்டார்கள். கழுத்தில் மாலையோடு நான் மனதுக்குள் எழுதிக்கொண்டிருந்த வரிகள் அன்றுபோலவே இன்றும் என்னிடம் இருக்கின்றன. இனி எந்தப் பத்திரிகை போடப்போகிறது? உமக்கே தருகிறேன்.

திருத்தம்: கொட்டாஞ்சேனைச் சிறுமி ஒருத்தி துறைமுகத்தில் பதினொரு கப்பல்களைக் கண்டு தீட்டினாள் என்று எழுதியது பிழை. அவள் காணவில்லை. காகிதத்தில் இடம் இருந்தது, கீறினாள். இடம் கொடுத்தவர் அவளுடைய சித்திர ஆசிரியர். நிருபர் பிள்ளையிடம் கேட்கவில்லை.