பின்சக்கரம் கேட்டுப் போன அப்பா

அன்புள்ள தம்பி முத்தமிழ்செல்வனுக்கு,

உடையார்பாளையத்துல இருந்து அம்மா எழுதுறது. நானும் உங்கப்பாவும் நல்லா இருக்கோம், என் முட்டிவலியும் ஒரு குறையும் இல்லாம நல்லா இருக்கு. மஸ்கட்ல நீயும் மணிமொழியும் பாப்பாவும் சுகமா இருக்க மாரியாத்தா பாத்துக்குவா.

போன மாசம் பாப்பா வீடியோ கால்ல, அப்பா சின்ன வயசுல ஓட்டுன சைக்கிள் எங்கன்னு கேட்டாளே, அன்னிக்கே நம்ம வூட்டுக்கு சனி புடிச்சுது. நீ ஆறாவது படிக்கையில அரியலூர்ல வாங்குன அந்த சிவப்பு பி.எம்.எக்ஸை உங்கப்பா மாட்டுக்கொட்டாய்ல இருந்து இழுத்துப் போட்டாரு. பாடியும் ஃபோர்க்கும் ஹேண்டில் பாரும்தான் மிச்சம், கூடவே ஒரு எலிக் குடும்பம். ரிட்டயர் ஆனதுல இருந்து ரிப்பேர் பண்றேன்னு என் மிக்சியையும் டேபிள் ஃபேனையும் சாகடிச்சவரு, இப்ப சைக்கிளுக்கு உயிர் குடுக்கப் போறேன்னு உக்காந்துட்டாரு. ஒரிஜினல் பார்ட் எங்க இருந்தாலும் தேடித்தான் போடணும், கிடைக்காததுக்கு மட்டும்தான் வேறன்னு சட்டம் வேற. செயினும் பெடலும் பெரம்பலூர்ல ஒரு பழைய கடையில கிடைச்சுது, சீட்டு ஜெயங்கொண்டத்துல. ஸ்போக்ஸ் இல்லாம அஞ்சு கை வச்ச பிளாஸ்டிக் சக்கரம் ரெண்டு உண்டே, அதுல முன்னது நம்ம கோழிக்கூண்டு மேலயே கிடந்துச்சு. பின்னது எங்கன்னு ஊருக்கே தெரியும். உன் சித்தப்பா கொளஞ்சியப்பன் அதை முந்திரிக்கொட்டை மூட்டை தள்ளுற ஒத்தச்சக்கர வண்டியில மாட்டி வச்சிருக்காரு. கொல்லை வரப்புல நின்ன ஒரு முந்திரி மரம் யாருதுன்னு அண்ணனும் தம்பியும் ஒம்பது வருசமா பேசுறதில்ல. மரமே பட்டுப்போச்சு, இவங்க வீம்புதான் தழைச்சுக்கிட்டே இருக்கு.

நான் போய்க் கேக்குறேன்னேன், வேணாம்னுட்டாரு. பத்து நாள் சைக்கிளை சுவத்துல சாத்தி வச்சுட்டு அதையே பாத்துக்கிட்டு கிடந்தாரு. பதினோராம் நாள் வெள்ளைச் சட்டை போட்டு, தம்பி வண்டிக்கு மாத்து சக்கரம் ஒண்ணு புதுசா வாங்கி கக்கத்துல இடுக்கிக்கிட்டு, பொண்ணு கேக்கப் போறவரு மாதிரி கிளம்பிட்டாரு. இந்த வேடிக்கையை விட முடியுமா, நானும் பின்னாலயே போனேன். வாசல்ல நின்னு பேரு சொல்லிக் கூப்பிடக்கூட வாய் வரலை, சக்கரம் இருக்கான்னு மட்டும் கேட்டாரு. உன் சித்தப்பா மேலயும் கீழயும் பாத்துட்டு, இருக்கு, ஆனா உன் கையில தர மாட்டேண்ணே, நீ கோணலாத்தான் மாட்டுவ, நானே வந்து மாட்டித் தரேன்னாரு. உங்கப்பாவுக்கு கண்ணு கலங்கிப் போச்சு, அதை மறைக்க, உனக்கு ஸ்பேனர் புடிக்கத் தெரியுமாடான்னு ஒரு அதட்டல் போட்டாரு. ஒம்பது வருசம் கழிச்சு அண்ணன் தம்பி பேசுன லட்சணம் இது.

அப்புறம் தினமும் காலையில சித்தப்பா ஆஜர், ஒரு நட்டுக்கு ஒரு சண்டை, ஒரு சண்டைக்கு ஒரு டீ, போட்டே என் கை தேஞ்சுது. போன வெள்ளிக்கிழமை வேலை முடிஞ்சுது. பிரேக் புடிக்குதான்னு பாக்க அறுபத்துமூணு வயசுல சித்தப்பா ஏறி, முட்டி ரெண்டும் காதுல இடிக்க தெருவுல ஒரு ரவுண்டு போனாரு. பிரேக் நல்லாத்தான் புடிச்சுது, சைக்கிள் நின்னுருச்சு, அவரு நிக்காம ஆண்டாயி வூட்டு வைக்கப்போர்ல போய் விழுந்தாரு. உங்கப்பா ஓடிப்போய் முதல்ல சைக்கிளைத் தூக்குனாரு, அப்புறம்தான் தம்பியை. சிரிச்ச சிரிப்புல உங்கப்பா பல்செட் கழண்டு வைக்கல்ல விழுந்து, அதையும் ரெண்டு பேருமா தேடுனாங்க.

சனிக்கிழமை சித்தப்பா வரலை, வேலைதான் முடிஞ்சுபோச்சே. ஞாயித்துக்கிழமையும் வரலை. இவரு தொடைச்ச சைக்கிளையே தொடைச்சுக்கிட்டு, காப்பிகூட கேக்காம உக்காந்திருந்தாரு. போய்க் கூப்புடுங்கன்னா, என்னன்னு சொல்லிக் கூப்புடுறதுங்கிறாரு. எனக்குப் பொறுக்கலை. மத்தியானம் அவரு கண்ணசந்த நேரத்துல ஹேண்டில் பாரைப் புடிச்சு நிக்கிற பெரிய போல்ட்டை நானே கழட்டி கடுகு டப்பாவுக்குள்ள போட்டுட்டேன். எழுந்து பாத்துப் பதறிப்போய் உடனே தம்பிக்கு போன் போட்டாரு. அந்த அளவு போல்ட் இப்ப வர்றதே இல்லையாம். நேத்து ரெண்டு பேரும் ஒரே பஸ்ல அரியலூர் போய்த் தேடுனாங்க, நாளைக்கு பெரம்பலூர், அங்கயும் இல்லன்னா திருச்சி போறாங்களாம், புளிசாதம் கட்டித் தரச் சொல்லியிருக்காங்க.

இதைப் போன்ல கேட்டு வச்சுராத, உங்கப்பா ஸ்பீக்கர்ல போட்டுட்டுத்தான் பேசுறாரு. அதுக்காகத்தான் லப்பைக்குடிக்காட்டு பாய் ஒருத்தர் மஸ்கட்டுக்குத் திரும்புறப்ப அவரு கையில இந்தக் கடுதாசியைக் குடுத்து விடுறேன். வெயில்ல அலையாத, பாப்பா தலைக்கு எண்ணெய் வைக்கச் சொல்லு, மூணு பேரும் நோய் நொடியில்லாம நூறு வருசம் இருக்கணும். லீவு கிடைச்சதும் வர்ற தேதியை மறக்காம முன்னாடியே சொல்லிரு. அதுக்கு மொத நாள் போல்ட் கிடைச்சுரும்.

உன் அம்மா,
தனம்