சவரிராயன் வண்டிக்குப் போட்ட மேனிபோல்டு

1940 டிசம்பர் 9
பட்டறை வேலையை விட்டு இன்றோடு மூன்று நாள். வீட்டுக்காரி வியாகுலம் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. தன் பழைய பஸ்ஸை நான் ஓட வைத்துவிட்டால் டிரைவர் வேலை எனக்குத்தான் என்று சவரிராயன் அண்ணன் வாக்குக் கொடுத்திருக்கிறார். "எழுதிக் குடுத்தாரா?" என்கிறாள். எங்கள் மகள் மேரியின் ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பனாகக் கோயிலில் மெழுகுவத்தி பிடித்து நின்றவரிடம் எழுத்துக் கேட்பதா? நாக்குக் கூசாதா?

டிசம்பர் 12
கழற்றிப் பார்த்தேன். எஞ்சின் புகையை வாங்கி வெளியே விடும் மேனிபோல்டு இரண்டு இடத்தில் வெடித்திருக்கிறது. அதோடு ஒட்டியிருக்கும், பெட்ரோலையும் காற்றையும் உள்ளே அனுப்பும் மேனிபோல்டும் கோணிவிட்டது. இந்த யுத்தக் காலத்தில் புதுசுக்கு எங்கே போவது?

டிசம்பர் 19
கரூர்ப் பக்கம் கவிழ்ந்து கிடந்த லாரி ஒன்றில் இரண்டும் ஜோடியாகக் கிடைத்தன. தோளில் சுமந்து ரயிலேறி வந்தேன்.

டிசம்பர் 23
மேனிபோல்டைப் பிடிக்கும் ஸ்டட் ஆணி ஒன்று உடைந்து எஞ்சினுக்குள்ளேயே நின்றுவிட்டது. நாள் பூராவும் அதோடு மல்லுக்கட்டு.

டிசம்பர் 28
கண்ணாடிப் பலகையில் எமரித்தூள் தடவி இரண்டின் முகத்தையும் மட்டமாகத் தேய்த்தேன். தோள் விட்டுப்போயிற்று. அண்ணன் தன் மருமகன் அருளப்பனோடு வந்தார். "ஏகாதசிக்குள்ள ஓடணும் அற்புதம். ஸ்ரீரங்கத்துக்கு ஜனம் அலைமோதும்." அருளப்பன் ஒவ்வொன்றாக விசாரித்தான். நானும் வாயெல்லாம் பல்லாகச் சொல்லிக்கொடுத்தேன்.

1941 ஜனவரி 5
மாட்டி ஸ்டார்ட் செய்தேன். எங்கும் கசிவில்லை. அண்ணன் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

ஜனவரி 7
காலையில் சலவை வேட்டி கட்டிச் பஸ் நிற்கும் சத்திரத்துக்குப் போனேன். ஸ்டியரிங்கில் அருளப்பன். புதுக் காக்கிச் சட்டை.
அண்ணன் ஓரமாக அழைத்துப் போனார். "பொண்ணு கண்ணைக் கசக்குறா தம்பி, நான் என்ன செய்யட்டும்? ரிப்பேர்னா உன்னைத்தான் கூப்பிடுவேன்."
காக்கிச் சட்டை ஒரே நாளிலா தைத்தார்கள்? அப்போ எப்பவோ முடிவு பண்ணியாச்சு. நான் எமரி தேய்க்கையிலேயே தையக்காரன்கிட்ட அளவு குடுத்துட்டு வந்து நின்னிருக்கான். பாவிங்களா!

அதே நாள், மதியம்
ஒரு விஷயம். மேனிபோல்டு போட்டு வண்டி ஒரு நாள் ஓடி, சூடு ஆறினதும் நட்டுகளை மறுபடி முறுக்க வேண்டும். இல்லாவிட்டால் இடையில் வைத்த பாக்கிங் பிய்ந்து நெருப்பு வெளியே வரும். பக்கத்திலேயே பெட்ரோல் நிற்கும் கார்புரேட்டர். அருளப்பனுக்கு இதை மட்டும் சொல்லவில்லை — நான்தானே முறுக்கப்போகிறேன் என்று இருந்துவிட்டேன்.
இப்போதும் சொல்லமாட்டேன். எரியட்டும்.

ஜனவரி 8
ஏகாதசி. விடிகிற நேரத்துக்கு ஸ்பேனரோடு சத்திரத்தில் நின்றேன். வண்டிக்குள் நாமம் போட்டவர்களும் மடியில் பிள்ளைகளை வைத்தவர்களுமாக நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். பானெட்டைத் திறந்தேன். எட்டு நட்டில் ஐந்து தளர்ந்திருந்து அரைச் சுற்று வாங்கின.
"நடுவிலேர்ந்து ஆரம்பிச்சு ரெண்டு பக்கமும் போகணும். அடுத்த தடவை நீயே முறுக்கிக்க" என்றேன் அருளப்பனிடம்.
அண்ணன் பயணிகளைப் பார்த்துச் சொன்னார்: "நம்ம ரிப்பேர்க்காரர்தாங்க. இதோ கிளம்பிடலாம்."
ரிப்பேர்க்காரர்!

ஜனவரி 13
பட்டறையில் என் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டான். எஞ்சின் சாமான் கழுவும் வேலை இருக்கிறதாம். சரியென்றேன்.

பிப்ரவரி 2
ஞாயிறு. பூசை முடிந்து மேரியோடு வரும்போது வண்டி எங்களைக் கடந்து போயிற்று. "பெரியப்பா வண்டி!" என்று அவள் கையாட்டினாள். அருளப்பன் ஹாரன் அடித்தான். என் காது தானாக எஞ்சினுக்குப் போயிற்று. ஒரு பிசிறு இல்லை. பத்து வருஷத்துக்கு யாரும் அதைத் தொட வேண்டாம்.
ஏன்டா அற்புதசாமி, அவ்வளவு நல்லா ஏன்டா செஞ்சே?