கேட்பதற்கு ஒரு நிதி

சிஸ்டர், நேற்று ரோலா கடைத்தெருவில், ஊருக்குப் பெட்டி அனுப்பும் கார்கோ கடைக்குப் போயிருந்தேன். எனக்கு முன்னால் சிவகங்கைக்காரர் ஒருவர் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். சோப்பும் கோடாலித் தைலமும் கலந்த அந்த வாசனை உங்களுக்குத் தெரியுமே. பால் பவுடர் டப்பாக்களுக்கு நடுவே பிரஷர் மாத்திரை அட்டைகளைச் செருகினார். "யாருக்குண்ணே?" என்றேன். "அப்பாவுக்கு. இங்கத்த மாத்திரைதான் அவருக்கு நல்லா கேக்குது" என்றார். ஒரு டீ வாங்கிக் கொடுத்து, அவர் அப்பாவைப் பற்றி விசாரித்தேன். அந்தப் பழக்கம் உங்களிடமிருந்து வந்தது.

தொழிலாளர் கிளினிக்கில் நீங்கள் நர்ஸ். பெரிய ஆஸ்பத்திரியில் ஆராய்ச்சி நிதி கேட்டு வரும் விண்ணப்பங்களைப் பார்க்கும் கிளார்க் நான். பிரஷர் இறங்காதவர்களுக்கு டாக்டர்கள் டோஸைக் கூட்டினார்கள், விலை கூடிய மருந்துக்கு மாற்றினார்கள், ஸ்கேன் எழுதினார்கள். செலவுதான் ஏறியது. ஒருநாள் ஒருவர் கட்டட சைட்டிலேயே விழுந்தார், ஒரு பக்கம் கைகால் வராமல் போயிற்று. அவரை ஊருக்கு அனுப்ப ரூம்காரர்கள் பெட்டி கட்டியபோது நீங்கள் கூட இருந்தீர்கள். கொடுத்த மாத்திரை அத்தனையும் பிரிக்காமல் உள்ளே கிடந்தன. லீவில் போகும்போது அப்பாவுக்குக் கொண்டுபோகச் சேர்த்து வைத்திருக்கிறார், பாவி மனுஷன்.

நீங்கள் எழுதிய விண்ணப்பம் ஒன்றரைப் பக்கம். லீவு நாளில் நர்ஸ்கள் தொழிலாளர்கள் தங்கும் கேம்புக்குப் போய், ஊரில் யாருக்கு என்ன நோய் என்று கேட்க வேண்டும். அவர்களுக்கு ஊரிலேயே மருந்து கிடைக்க வழி செய்ய வேண்டும். பிறகு இங்கிருப்பவர்களின் பிரஷரையும் செலவையும் பார்க்க வேண்டும். அவ்வளவுதான். நான் சிரித்தேன், மன்னியுங்கள்.

"இதுக்கு யாரு சிஸ்டர் காசு தருவா? ஒரு போன் ஆப்பு, ஒரு மெஷின்னு எதையாவது சேருங்க."

"கேக்குறதுக்கு மெஷின் எதுக்கு பாய்?"

கமிட்டி அதைத் திருப்பி அனுப்பியது. மறுபடி போட்டீர்கள். இம்முறை நேரில் கூப்பிட்டார்கள். இதுவும் போனால் கலாஸ், மூன்றாவது வாய்ப்பு கிடையாது. நீங்கள் ஒரு பெரிய பிஸ்கட் டின்னை மேஜைமேல் கவிழ்த்தீர்கள். ஒரே கேம்பின் மாத்திரைகள், ஒரு அட்டைகூடப் பிரிக்காதவை. தலைவராக இருந்த அரபு டாக்டர் அவற்றைக் கையால் அளைந்துகொண்டே, இவர்கள் எப்படி இதை உங்களிடம் கொடுத்தார்கள் என்று கேட்டார். அவர்களுடைய அப்பா அம்மாவைப் பற்றிக் கேட்டேன் என்றீர்கள். குறிப்பெடுத்துக்கொண்டிருந்த நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். எத்தனை வருஷமாக எத்தனை கட்டு விண்ணப்பம் படித்தவன் நான். நிதி அன்றே கிடைத்தது.

முடிவுகள் வந்தபோது நீங்கள் இல்லை. புற்றுநோய் முந்திக்கொண்டது. பிரஷர் இறங்கியது சிஸ்டர், செலவும் இறங்கியது. இப்போது எங்கள் கிளினிக்குகளில் ஊரில் இருப்பவர்களைப் பற்றிக் கேட்காமல் யாருக்கும் டோஸைக் கூட்டுவதில்லை.

ஒன்றை மட்டும் நான் யாரிடமும் சொன்னதில்லை. அன்று கமிட்டி அறையை விட்டு வெளியே வந்ததும் என் முகத்தைப் பார்த்தீர்கள். "உம்மாவுக்கு என்ன மாத்திரை அனுப்புறீங்க பாய்?" என்று மெதுவாகக் கேட்டீர்கள். "சுகர் மாத்திரை" என்றேன். அழுதுவிட்டேன்.

உம்மா இப்போது காயல்பட்டினத்திலேயே மருந்து வாங்குகிறார். என் மாத்திரையை நான் சாப்பிடுகிறேன்.