வெள்ளிக்கிழமை பார்த்த மனை

அக்கா,

இன்று காலை செய்தித்தாளை உதறியபோது வழவழப்பான விளம்பரத் தாள் ஒன்று மடியில் விழுந்தது. தென்னை, ஊஞ்சல், கடல். அதே தீவு. பாலம் போட்டுவிட்டார்களாம். காஞ்சிபுரத்திலிருந்து இரண்டு மணி நேரத்தில் போய்விடலாம், குடும்பத்தோடு சனி, ஞாயிறு தங்கலாம், மனை வாங்கிப் போட்டால் விலை ஏறிக்கொண்டே போகும் என்று அச்சடித்திருக்கிறார்கள். நான் உங்களிடம் அளந்த அதே கதைதான். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உங்கள் மனையைத் தேடினேன். அந்தப் பக்கம் முழுவதும் நீல மை பூசி, 'படகு சவாரி' என்று எழுதியிருந்தது.

அப்போது தொலைபேசி நிலையத்தில் உங்கள் பக்கத்து நாற்காலி எனக்கு. ட்ரங்க் கால் கேட்டு நாள் முழுக்க ஊரே நம் காதில் கத்தும். வீட்டிலும் உங்களுக்கு அமைதி கிடையாது. தம்பி, அவர் மனைவி, மூன்று பிள்ளைகள். பிள்ளையார்பாளையத்துச் சின்ன வீட்டில் எல்லோரும் பாய் விரித்த பிறகு கூடத்தில் மிஞ்சும் இடம்தான் உங்களுடையது. கல்யாணமே வேண்டாம் என்றிருந்த நீங்கள் ஆசைப்பட்டது ஒரே ஒரு அறைக்கு. "கதவச் சாத்திக்கினா யாரும் என்னைக் கூப்பிடக் கூடாதும்மா" என்பீர்கள். அதற்காக வாலாஜாபாத் பக்கம் ஒரு மனை பார்த்தும் வைத்திருந்தீர்கள்.

கெடுத்தவள் நான். விடுமுறை நாட்களில் மனை விற்கும் கம்பெனி ஒன்றுக்கு ஆள் பிடித்துக்கொண்டிருந்தேன். கடலோர மனைக்குக் கமிஷன் அதிகம். "ரைஸ் மில் தவிட்டுத் தூசியில போய் உக்காரப் போறீங்களா? இது தீவுக்கா. லீவு நாள்ல மெட்ராஸ்காரங்க வரிசையில நிப்பாங்க" என்று இரண்டு வாரம் உங்களை நச்சரித்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை கம்பெனி வேனில் அழைத்துப் போனேன். கழிமுகத்து ஈர மண்ணில் போட்டிருந்த பாதை வழியாகத் தீவுக்கு நடந்தோம். நீங்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் போனீர்கள். மனை எண் எழுதிய கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தீர்கள்.

"இன்னும் கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போலாமா? காத்து எப்படி வருது பாரு."

நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். "பத்தரைக்கு ராகு காலம் பொறந்துடும்க்கா. அதுக்குள்ள அட்வான்ஸ் குடுத்துட்டு வண்டி ஏறிடணும்."

நீங்கள் பதறிப் போய்ப் பொட்டலத்தை மடித்துக்கொண்டு எழுந்தீர்கள்.

ராகு காலம் உண்மைதான். ஆனால் பதினோரு மணிக்கு மேல் கடல் தண்ணீர் ஏறி அந்தப் பாதையையும் உங்களுடையது போன்ற தாழ்ந்த மனைகளையும் மூழ்கடிக்கும் என்று எனக்குத் தெரியும். படகுக்காரரிடம் தண்ணீர் வற்றும் நேரத்தைக் கேட்டுத்தான் ஆட்களை அழைத்துப் போகும் நாளையே முடிவு செய்வோம். நம் ஊரில் ராகு காலம் என்று சொன்னால் யாரும் மறுபேச்சு பேசுவதில்லை. அதைச் சொல்லி உங்களை ஏமாற்றினேன். இருபது வருடச் சேமிப்பைக் கொட்டி வாங்கினீர்கள்.

பத்திரம் முடிந்த பிறகு, பொங்கல் லீவில் நீங்கள் மட்டும் தனியாகப் போயிருக்கிறீர்கள். சுற்றிலும் தண்ணீர் ஏறி, ஒரு மணல் மேட்டில் மாலை வரை மாட்டிக்கொண்டு, கடைசியில் படகில் கரையேறியதைப் படகுக்காரர் சொல்லித்தான் பிற்பாடு தெரிந்துகொண்டேன். லீவு முடிந்து வந்த நீங்கள், ஹெட்போனை மாட்டுவதற்கு முன்னால் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டீர்கள்.

"அன்னிக்கி ராகு காலத்துக்காகத்தானே என்னைச் சீக்கிரமா கெளப்பின?"

"ஆமாக்கா."

"சரிம்மா."

லைனில் குரலைக் கேட்டாலே பொய் எது, நிஜம் எது என்று தெரிந்துவிடும் என்பீர்கள். நானோ உங்களுக்கு ஒரு முழத் தூரத்தில் உட்கார்ந்து அந்தப் பொய்யைச் சொன்னேன். அதன் பிறகும் உங்கள் பிளாஸ்க் காபியில் பாதி எனக்குத்தான் வந்தது. நீங்கள் நாலு பேர் முன்னால் என்னைத் திட்டியிருக்கலாம் அக்கா. வெட்கமாக இருந்திருக்கும், ஆனால் தாங்கியிருப்பேன்.

கடைசி வரை அந்தக் கூடத்தில்தான் படுத்தீர்கள். அங்கேயே போய்ச் சேர்ந்தீர்கள். மாலை போட வந்த நான் அழுததைப் பார்த்து, உங்கள் வீட்டார் எனக்கு ஆறுதல் சொன்னார்கள்.

போன மாதம் உங்கள் தம்பி என்னைத் தேடி வந்தார். மகளுக்கு வாலாஜாபாத் பக்கம் மனை பார்க்கிறாராம். அங்கே இப்போது தொட முடியாத விலை. உங்களுக்கு அன்றைக்குக் கைக்கெட்டிய விலையில் இருந்த இடம். "அவசரப்படாதீங்க. ஒரு தடவை பாத்துட்டு முடிவு பண்ணாதீங்க. மழை நாள்ல பாருங்க, சாயங்காலத்துல பாருங்க. வேற வேற நேரத்துல போய்ப் பாருங்க" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"எங்க அக்காகிட்டயும் இதத்தானேமா சொன்னீங்க. வேணாம் வேணாம்னு நீங்க தலபாடா அடிச்சிக்கினீங்களாம், அதுதான் கேக்காம வாங்கிடுச்சாம். சாவுற வரைக்கும் சொல்லிக்கினே இருந்துச்சு. வூட்ல யாரையும் உங்களப் பத்தித் தப்பா ஒரு வார்த்த பேச வுடாது."

நிஜத்தைச் சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் எழுந்து என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

நானும் பதிலுக்குக் கும்பிட்டேன், அக்கா.